நூற்றுப் பதிமூன்று காற்று நாட்கள்

ரூபே, 4 மே 1976

லியோனி அக்காவுக்கு,

ஒன்பது வருடமாக நமக்குள் புத்தாண்டு அட்டை மட்டும்தான் போக்குவரத்து. அதிலும் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே நீ கையெழுத்து மட்டும் போடுவாய், நானும் அப்படியே. இப்போது முழுக் கடிதம் வருகிறதே என்று பதறாதே. இங்கே யாரும் சாகவில்லை. நம் ஊர் மேயர்தான் காரணம்.

அடுத்த மார்ச்சில் தேர்தல் வருகிறதல்லவா, செர்னான் புஸ்கேவுக்கு ஊரைப் பற்றிப் புத்தகம் போடும் ஆசை வந்துவிட்டது. முப்பத்திரண்டு பக்கம். ‘மொந்தெர்வால்: வரலாறு, தட்பவெப்பம், பண்பாடு’. செப்டம்பர் 12, திருவிழா ஞாயிறன்று நகரமன்றத்தில் வெளியீடு. எழுத வேண்டியது நான். பள்ளிக்கூடத்தில் என் தாளைப் பார்த்து எழுதியவன் ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

வரலாறு என் பாடு. பண்பாடு என்றால் அவனுக்கு அவரைக்காயும் வாத்துக்கறியும்தான், அதை அவனே சொல்லிவிடுவான். தட்பவெப்பத்துக்கு உன்னிடம்தான் வரவேண்டியிருக்கிறது. அப்பாவின் வானிலைப் பதிவேடுகள் எல்லாம் உன்னிடம் இருக்கின்றன. அவர் கண் மங்கிய பிறகு, 1958 முதல், நீதான் எழுதுகிறாய். 1956 முதல் 75 வரை ஒவ்வொரு வருடமும் ஒத்தான் காற்று எத்தனை நாள் வீசியது என்ற மொத்தம் வேண்டும். இருபது எண்கள். ஒரு மத்தியான வேலை.

அப்படியே இன்னொன்று. 1967 அக்டோபர் 20-ம் தேதிப் பக்கத்தையும் புரட்டிப் பார். ஏன் என்று உனக்குத் தெரியும். நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றிவளைக்க வயதில்லை. ஜூலையில் ஓய்வு பெறுகிறேன். முப்பது வருடம் இந்தப் புகை படிந்த ஊரில் நெசவாலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டேன். இனி நம் வீட்டு மாடியறையில், அந்தச் சைப்ரஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க ஆசைப்படுகிறேன். நடுவில் நிற்பது அன்றைக்கு வாசலில் நீ சொன்ன சொல் ஒன்றுதான். அன்று ஒத்தான் வீசியது. என் தொப்பி பறந்து தெருவில் உருண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒத்தான் வீசும் நாளில் சொன்ன சொல் செல்லாது, காற்றோடு போயிற்று என்பதுதானே நம் ஊர் வழக்கம். பக்கத்தைப் பார்த்து ஒரு வரி எழுது, போதும்.

ஃபுல்க்ரான்


மொந்தெர்வால், 9 மே 1976
காலை ஏழு மணி: 11 டிகிரி. மழை 3 மில்லிமீட்டர். ஒத்தான் இல்லை.

ஃபுல்க்ரான்,

ஒரு மத்தியான வேலையாம். இருபது வருடத்துக்கு ஏழாயிரத்து முந்நூற்றைந்து நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. உனக்கு உட்கார்ந்த இடத்தில் எல்லாம் ஒரு மத்தியான வேலைதான். எப்போதுமே அப்படித்தான்.

உன் மேயர் செவ்வாய்க்கிழமை இங்கே வந்தார். மழைமானியை ஏதோ பூந்தொட்டி மாதிரி காலால் நகர்த்திப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்தார். புத்தகத்தில் வருடத்துக்கு முந்நூறு நாள் வெயில் என்று போட வேண்டுமாம். “காத்தப் பத்தி எதுக்கு லியோனி? வெளியூர்க்காரன் படிச்சா வருவானா? தென்றல்னு ஒரு வரி போட்டுட்டாப் போச்சு” என்றார். தலைக்குமேல் ஓடு பிய்த்துக்கொண்டு போகிற காற்றுக்குப் பெயர் தென்றலாம். வாசலைக் காட்டினேன். போகிற போக்கில் மழைமானியை மறுபடி உதைத்துவிட்டுப் போனார்.

நீ கேட்ட இன்னொரு விஷயம். 1967 அக்டோபர் 20 எனக்குப் பார்க்கத் தேவையில்லை. அன்றைக்கு ஒத்தான் இல்லை. எழுதியவள் நான். தொப்பிக் கதையோடு என்னிடம் வராதே.

பதிவேடுகள் வீட்டைவிட்டு வெளியே போகாது. மொத்தம் போட்டுத் தருவதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்.

லியோனி


ரூபே, 17 மே 1976

அக்கா,

மேயரை நீ துரத்தியதற்கு என் மனமார்ந்த நன்றி. துரத்தினால் அவன் எங்கே வருவான்? நேராகத் தொலைபேசிக்குத்தான். பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினான். என் வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள்.

அவனுக்குக் காற்று வேண்டாம், அதோடு வரலாறும் வேண்டாம். ஆங்கிலேயப் படை 1355-ல் ஊரைச் சுற்றி வளைத்ததைப் பற்றி அவன் தாத்தா சொன்ன கதைதான் வேண்டும். ஒரு கிழவி கோட்டைச் சுவர்மேல் ஏறி, கொதிக்கிற வாத்துக் கொழுப்பை எதிரி தலையில் கொட்டினாள், எதிரி ஓடினான். நீயே சொல். நம் ஊரில் எந்தப் பெண்ணாவது ஒரு சட்டி வாத்துக் கொழுப்பை யார் தலையிலாவது கொட்டி வீணாக்குவாளா? ஊரைக் கொடுத்தாலும் கொடுப்பாள், சட்டியைக் கொடுக்கமாட்டாள்.

நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். ஊர்ச்சபைக் குறிப்புகளைப் படியெடுத்து வரவழைத்திருக்கிறேன். எதிரி வந்த அன்றே சபை கூடியது. கதவைத் திறப்பதா, சண்டை போடுவதா? எழுத்தர் எழுதியிருக்கிறார்: ‘ஒத்தான் வீசுகிறது. முடிவில்லை.’ மறுநாள், ‘ஒத்தான் வீசுகிறது. முடிவில்லை.’ இப்படியே ஒன்பது நாள். பத்தாம் நாள் காற்று அடங்கியது. எல்லோரும் ஒருமனதாக, வீராவேசமாக, உயிர் போனாலும் ஊரை விடமாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். எட்டிப் பார்த்தால் வெளியே ஒருவனும் இல்லை. காற்றில் கூடாரம் நிற்காமல் மூன்று நாள் முன்னாலேயே போய்விட்டார்கள். அன்றிலிருந்துதான் நம் ஊரில் காற்றுநாளில் சபை ஓட்டுப் போடுவதில்லை, பத்திரத்தில் கையெழுத்து இல்லை, பெண் பார்க்கப் போவதில்லை, எழுதிய கடிதத்தைத் தபாலில் போடுவதில்லை. உலகத்திலேயே முடிவெடுக்காததால் பிழைத்த ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும். அதில் எனக்குப் பெருமைதான். மேயருக்கு மானம் போகிறதாம்.

இப்போது நம் விஷயம். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்பாவை 19-ம் தேதி அடக்கம் செய்தீர்கள். மூன்று ரயில் மாறி நான் வந்து சேர்ந்தது 20-ம் தேதி காலை பத்து மணிக்கு. கையில் பெட்டி. நீ வாசலை அடைத்துக்கொண்டு நின்றாய். பக்கத்து வீட்டு அசெமா அம்மாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லாமல் எதற்குத் துணி எடுக்கிறாள்? அவள் காதில் விழும்படிதான் நீ சொன்னாய்: “நீ அப்பாவுக்குப் புள்ளையே இல்ல. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத.” நான் பெட்டியைக் கீழேகூட வைக்கவில்லை. அப்படியே ரயிலடிக்குத் திரும்பினேன்.

பக்கத்தைப் பார் அக்கா. நினைவை நம்பாதே. நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்வது அதைத்தான்.

ஃபுல்க்ரான்


மொந்தெர்வால், 23 மே 1976
மாலை: 24 டிகிரி. மழை இல்லை. ஒத்தான், இரண்டாம் நாள், பலமாக.

ஃபுல்க்ரான்,

இதை இன்று போடமாட்டேன். எழுதி, வழக்கம்போல அலமாரியில் இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் வைப்பேன். ஆனால் இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

உனக்கு அந்த ஒரு நாள் காலை பத்து மணி மட்டும்தான் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் யாருக்கு நினைவிருக்கிறது? எனக்குத்தான். அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தது நான். ராத்திரி பகல் பார்க்காமல் கஞ்சி ஊட்டியது நான். அதற்கு நடுவில் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று படுக்கையிலிருந்தே அதட்டுவார். பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொன்னால்தான் வாயைத் திறப்பார். அந்த வாரம் முழுக்க அவர் பார்வை கதவுமேலேயே இருந்தது. “ஃபுல்க்ரான் வண்டி எப்ப வருது?” என்று கேட்டார். “கடுதாசி போட்டிருக்கேன்பா, வந்துருவான்” என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையே சொன்னேன். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு நீ வந்தாய், எல்லாம் முடிந்த மறுநாள், மழித்த முகத்தோடு, தொப்பி வைத்துக்கொண்டு. நான் என்ன சொல்வேன் என்று எதிர்பார்த்தாய்? வாங்க ஐயா, காப்பி சாப்பிடுங்க என்றா?

29 மே. காலை: 15 டிகிரி. ஒத்தான் நேற்று அடங்கிவிட்டது.

படித்துப் பார்த்தேன். அடித்துத் திருத்த ஒன்றுமில்லை. போடுகிறேன்.

நீ கேட்டதற்காகப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்: ‘20 அக்டோபர் 1967. 9 டிகிரி. மழை இல்லை. ஒத்தான் இல்லை. புகை நேராக மேலே போகிறது.’ என் கையெழுத்து. அசெமா அம்மாள் துணியை எடுக்கவில்லை, காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் தொப்பியைக் காற்று தள்ளவில்லை. நான்தான் தட்டிவிட்டேன்.

ஆகவே சொன்ன சொல் சொன்னதுதான். காற்று அடங்கிய நாளில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும். உன் ஊர்ச்சபைக் குறிப்பில் அதையும் எழுதியிருப்பார்களே.

லியோனி


ரூபே, 8 ஜூன் 1976

அக்கா,

இங்கே ஏப்ரலிலிருந்து மழை இல்லை. வடக்கே இப்படி ஒரு வறட்சியை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். கால்வாயில் சேறு வெடித்துக் கிடக்கிறது. ஒரு வாரமாக உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொப்பி விஷயத்தில் நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் தோற்றேன். ஆனால் ‘கடுதாசி போட்டிருக்கேன்’ என்று அப்பாவிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாக இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உறையோடு இருக்கிறது. உள்ளே நீ போட்ட தேதி 11 அக்டோபர். ‘அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா’ என்று இரண்டே வரி. உறைமேல் தபால் முத்திரை 17 அக்டோபர். எனக்கு வந்தது 19. அப்போது நான், அப்பா போய்விட்டார் என்ற உன் தந்தியைப் பிடித்துக்கொண்டு ரயிலில் இருந்தேன். வாசலில் நீ துரத்தி, நான் இங்கே திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அது தரையில் கிடந்தது.

நடுவில் ஆறு நாள் அது எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான். ஒத்தான் வீசியிருக்கும். கடிதம் இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் இருந்திருக்கும். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடிதம் அலமாரியில் இருந்தது. அது 13-ம் தேதி கைக்கு வந்திருந்தால் 14-ம் தேதி நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான்கு நாள். அவரோடு எனக்கு நான்கு நாள் கிடைத்திருக்கும் அக்கா.

இதை நான் அன்றே எழுதியிருக்கலாம். எழுதினால் நீ உடைந்துபோவாய் என்று எழுதவில்லை. நீ உடையட்டும் என்று இப்போதும் எழுதவில்லை. என்னைப் பிள்ளையே இல்லை என்று சொன்னதை ஒன்பது வருடம் சுமந்தாயிற்று, அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பதிவேட்டை அனுப்ப வேண்டாம். மொத்தம் மட்டும் அனுப்பினால் போதும், அதுவும் மனமிருந்தால். செப்டம்பரில் ரயிலடிக்கு எதிரே உள்ள விடுதியில் தங்குகிறேன். மேடையில் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டு மாலை வண்டியில் கிளம்பிவிடுவேன். உன் வாசற்படிப் பக்கம் வரமாட்டேன்.

ஃபுல்க்ரான்


மொந்தெர்வால், 10 ஜூலை 1976
காலை ஏழு மணி: 22 டிகிரி. மழை இல்லை. ஒத்தான் இல்லை. மூன்று வாரமாக இல்லை.

ஃபுல்க்ரான்,

எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்?

அந்தக் கடிதத்தை இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் வைத்த கை இதே கைதான். ஒவ்வொரு நாளும் காலையில் கோபுரத்தில் காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவலைப் பார்ப்பேன். இன்றைக்கு அடங்கும், மத்தியானம் அடங்கும், போட்டுவிடலாம் என்று நினைப்பேன். தந்தி அடித்திருக்கலாம். அடித்தால் அப்பா சாகிறார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், அதற்குத் துணிச்சல் இல்லை. அப்பா பக்கத்து அறையில் இருமுவார். எழுந்து போய் ஒரு தபால்பெட்டியில் ஒரு உறையைப் போட எனக்கு முடியவில்லை. எந்த ஊரில் ஒருத்தி இப்படிச் செய்வாள்? இந்த ஊரில்தான். செய்தவள் நான்தான்.

நீ வாசலில் வந்து நின்றபோது என்னைத்தான் நான் திட்டியிருக்க வேண்டும். உன்னைத் திட்டினேன். அது எளிதாக இருந்தது.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத வராது எனக்கு. எழுதச் சொல்லிக் கேட்காதே.

ஆனால் விடுதியில் தங்குவேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா? அந்த விடுதி சமையல்காரி அசெமா அம்மாளின் தங்கை. நீ படுக்கையில் படுப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ரூக்கேரோல் வாத்தியார் மகன் சொந்த ஊரில் வாடகை அறையில் படுத்திருக்கிறான் என்று சந்தையில் என் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்ல? நான் சொன்ன சொல் அடங்கிய நாள் சொல், அதை என்னாலேயே எடுக்க முடியாது என்றா? அப்படித்தான் சொல்லியாக வேண்டும். அதுதான் உண்மை. பதிவேட்டைத் திருத்துவேன் என்று மட்டும் கனவு காணாதே. பதினெட்டு வருடத்தில் ஒரு எண்ணை நான் மாற்றியதில்லை. அப்பா எழுத்தின் மேல் கை வைக்கமாட்டேன், என் எழுத்தின் மேலும் வைக்கமாட்டேன்.

நீ கேட்ட இருபது மொத்தமும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ஒரு மத்தியானம் ஆகவில்லை, பதினோரு மத்தியானம் ஆயிற்று. வரிசை மாறாமல் அச்சாக வேண்டும். மேயர் அதில் ஒரு நாளைக் குறைத்தாலும் நான் மேடைக்கு வந்து கேட்பேன் என்று சொல்.

லியோனி

தாளின் நடுப்பகுதி:
1965: 98 நாட்கள்
1966: 121 நாட்கள்
1967: 113 நாட்கள்
1968: 104 நாட்கள்


ரூபே, 6 ஆகஸ்ட் 1976

அக்கா,

நீ எழுதச் சொல்லிக் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. படித்தேன். அவ்வளவு சொன்னாயே, அது போதும்.

இனி வேலை. என் பணி ஓய்வு விழா முடிந்தது. ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், ஓடவில்லை. மூட்டை கட்டியாயிற்று, எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. அது இருக்கட்டும்.

மேயரோடு கடைசிச் சண்டை போட்டுவிட்டேன். காற்றுப் பட்டியல் இல்லாவிட்டால் ஒரு பக்கமும் தரமாட்டேன், மேடைக்கும் வரமாட்டேன் என்றேன். நான்கு நாள் முறைத்துக்கொண்டான். பிறகு பேரத்துக்கு வந்தான். உன் பட்டியல் முழுசாக ஒரு பக்கத்தில் வரும். அதற்குப் பதில் வாத்துக் கொழுப்புக் கிழவி வரலாற்றில் வருவாள். ‘என்றும் சொல்வதுண்டு’ என்று அரை வாக்கியத்தில் அவளைச் சுவரேற்றி இறக்கிவிட்டேன். முப்பது வருடத்தில் தெரிந்தே நான் எழுதிய முதல் பொய் அது. உன் காற்றுக்காகத்தான் எழுதினேன். பண்பாட்டுப் பக்கத்தில் அவரைக்காய்ச் சமையலுக்கென்றே நம் ஊரில் இருக்கிற சங்கத்து ஆட்கள் சிவப்பு அங்கியோடு நிற்கிற படம். நடுவில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு தலைவலி. அச்சுக்குக் கொடுக்கும் முன் உன் எண்களைச் சரிபார்த்தேன். கோபப்படாதே, யார் எண் என்றாலும் பார்ப்பேன். வானிலைத் துறையின் பழைய ஆண்டறிக்கைகள் இங்கே பக்கத்து லீல் நகர நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அப்பாவும் பிறகு நீயும் அனுப்பியதைத்தானே அச்சடித்திருக்கிறார்கள். இருபதில் பத்தொன்பது அச்சு அசலாகப் பொருந்துகிறது. 1967 மட்டும் பொருந்தவில்லை. அறிக்கையில் 112. உன் தாளில் 113.

ஒரு நாள் அதிகம் அக்கா. வெயிலில் உட்கார்ந்து கூட்டினாயோ, அல்லது ஒரு பக்கத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டாயோ? உன்னிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. அச்சகக்காரன் 20-ம் தேதிக்குமேல் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன் என்கிறான். திரும்ப எண்ணிப் பார்த்து உடனே எழுது. நானே 112 என்று திருத்திவிடவா?

ஃபுல்க்ரான்


மொந்தெர்வால், 11 ஆகஸ்ட் 1976
காலை ஏழு மணி: 26 டிகிரி. மழை இல்லை. ஒத்தான், முதல் நாள், பலமாக.

ஃபுல்க்ரான்,

நீ முப்பது வருடம் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தாய்? அறுநூறு வருடத்துக்கு முந்தைய சபை எழுத்தர் மனதில் இருந்தது உனக்குத் தெரிகிறது, சொந்த அக்காள் அனுப்பிய தாளைப் படிக்கத் தெரியவில்லை.

வெயிலில் உட்காரவில்லை. எந்தப் பக்கத்தையும் இரண்டு தடவை எண்ணவில்லை. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் 112. அரசாங்கத்துக்கு அப்போது அனுப்பியது 112. பதிவேட்டில் இருப்பதும் 112. அதில் நான் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். உனக்கு எழுதிய தாளில்தான் 113 என்று போட்டேன். பேனாவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் போட்டேன்.

கூடுதலாக வந்த நாள் எது என்று என்னை எழுதவைக்காதே. அக்டோபரில் தேடு. நடுப் பத்து நாளின் கடைசியில் இருக்கிறது.

அச்சில் ஏறியதை இந்த ஊரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அந்த வருடம் 113 நாள் காற்று வீசியது என்று நகரமன்ற முத்திரையோடு வந்துவிட்டால், வீசியதுதான். அசெமா அம்மாள்கூட அன்றைக்குத் துணியை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லப்போகிறாள், பார். மேயருக்கு வரலாற்றில் ஒரு பொய் கொடுத்தாய். எனக்குத் தட்பவெப்பத்தில் ஒன்று கொடு.

மூட்டைகளை இங்கே அனுப்பு. மாடியறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. விடுதிக்காரிக்கு நீ வரவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன், ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

அச்சகக்காரன் கெடு 20-ம் தேதி. இந்தக் காற்று ஒன்பது நாள் வீசினாலும் வீசும். இஸ்திரிப்பெட்டியை எடுத்து வெளியே கொட்டகையில் போட்டுவிட்டேன். கதவைத் தள்ளித் திறக்கக்கூட முடியவில்லை, அப்படி வீசுகிறது. இருந்தாலும் இதை இப்போதே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன்.

லியோனி